இரண்டு சொட்டு போகும் வழி

போலியோ முகாமில் குழந்தையின் வாயில் விடும் இரண்டு சொட்டு, ஒரு மில்லிலிட்டரில் பத்தில் ஒரு பங்குதான். அதற்குள் உயிருள்ள வைரஸ் பத்து லட்சத்துக்கும் மேல் இருக்கிறது. ஆல்பர்ட் சேபின் குரங்குச் செல்களில் திரும்பத் திரும்ப வளர்த்து, நரம்பைத் தாக்கும் வலுவை இழக்கச் செய்த வைரஸ் அது. குப்பியில் ஒட்டிய சிறு சதுரம் கறுத்துவிடவில்லையே என்று பார்த்துக்கொண்டு சுகாதாரப் பணியாளர் சொட்டை விடுகிறார், இடது கைச் சுண்டுவிரலில் மை வைக்கிறார். அம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். சொட்டின் வேலை அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது.

அந்தச் சொட்டு எங்கே போகிறது, யாரிடம் கை மாறுகிறது, கடைசியில் எதை விட்டுச் செல்கிறது என்று உலகிலேயே மிகக் கூர்ந்து பார்த்த ஊர்களில் வேலூரும் ஒன்று. பாலாற்றுப் படுகையில் ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று நீளும் தோல் தொழில் பகுதியின் நடுவில், கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி என்னும் சி.எம்.சி. இருக்கிறது. ஆம்பூர் என்றதும் பிரியாணியும் ஷூ கம்பெனியும் நினைவுக்கு வரும். குடலைப் பற்றிய ஆராய்ச்சியில் இந்தப் பகுதிக்கு உள்ள இடம் உள்ளூர்க்காரர்களுக்கே அதிகம் தெரியாது. அது எனக்கு வருத்தம்தான்.

வைரஸ் முதலில் இரைப்பைக்குப் போகிறது. அங்குள்ள அமிலம் பெரும்பாலான கிருமிகளைக் கொன்றுவிடும். போலியோ வைரஸ் அதைத் தாங்கும். பிறகு சிறுகுடலின் நீண்ட பாதையைக் கடந்து அதன் கடைசிப் பகுதிக்கு வருகிறது. உடம்புக்கும் வெளி உலகத்துக்கும் நடுவே அங்கே இருப்பது ஒரே ஒரு செல் தடிமன் உள்ள சுவர். சாப்பாட்டை உள்ளே விட்டாக வேண்டும், அதனால் சுவர் தடிப்பாக இருக்க முடியாது. கோடிக்கணக்கான பாக்டீரியா உரசிக்கொண்டே இருக்கும், அதனால் காவல் இல்லாமலும் இருக்க முடியாது. இந்த இக்கட்டுக்கு உடல் கண்டுபிடித்த தீர்வுதான் குடலின் எதிர்ப்பொருள்.

அந்தச் சுவரில் அங்கங்கே மேடு மேடாகச் சில திட்டுகள் உண்டு. சுவிஸ் மருத்துவர் யோஹான் கொன்ராட் பேயர் 1677-இல் அவற்றை விவரித்ததால் பேயர் திட்டுகள் என்று பெயர். அவற்றின் மேல் எம் செல்கள் என்று ஒரு தனி வகைச் செல்கள் இருப்பதை 1974-இல்தான் நுண்ணோக்கியில் தெளிவாகப் பார்த்து எழுதினார்கள். மற்ற செல்கள் கிருமியைத் தள்ளப் பார்க்கும். எம் செல் அதை விழுங்கி, உடைக்காமல் அப்படியே மறுபக்கம் இறக்கிவிடும். எதிரியை வேண்டுமென்றே உள்ளே அனுப்பும் வாசல் இது. மனிதரின் பேயர் திட்டுத் துண்டுகளில் போலியோ வைரஸ் இந்த வாசல் வழியாகவே நுழைவதை ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள்.

வாசலுக்குக் கீழே காத்திருப்பது டென்ட்ரிடிக் செல்கள். அவை வைரஸைத் துண்டாக்கி, துண்டைத் தங்கள் மேற்பரப்பில் ஏந்திக்கொண்டு டி செல்கள் என்னும் நோய் எதிர்ப்புச் செல்களைத் தேடிப் போகின்றன. பள்ளிப் பாடம் இந்த இடத்தில் ஒரே வரியில் முடிந்துவிடும்: பி செல் எதிர்ப்பொருளைச் செய்கிறது. பொய் இல்லை. ஆனால் குடலில் நடப்பதில் பாதியை அந்த வரி மறைத்துவிடுகிறது. பச்சைத் தோல் ஷூவாக மாறுவதற்குள் ஊறவைப்பவர், சுண்ணாம்புக் குழியில் இறங்குபவர், சதை சீவுபவர், டிரம் ஓட்டுபவர் என்று எத்தனை கைகள் படுகின்றன என்பது ஆம்பூரில் பிறந்தவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. குடலின் எதிர்ப்பொருளும் அப்படி ஒருவர் கையால் ஆவதில்லை.

அந்தக் கைகளில் முதன்மையானது, ஃபாலிகுலர் உதவிச் செல் என்று அழைக்கப்படும் டி செல் வகை. பி செல்கள் கூட்டமாகப் பெருகும் மையத்துக்குள்ளேயே இது குடியிருக்கும். அந்த மையத்தில் பி செல்கள் தங்கள் எதிர்ப்பொருள் மரபணுவைத் தாங்களே கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிப் பார்க்கின்றன. வைரஸை முன்பைவிட இறுக்கமாகப் பிடிக்கும் பி செல்லுக்கு உதவிச் செல் வாழ்வு கொடுக்கிறது. பிடி தளர்ந்தது செத்துப்போகிறது. உதவிச் செல்கள் குறைந்தால் மட்டுமல்ல, அளவுக்கு மிஞ்சினாலும் கெடுதல். ஜப்பானில் சிதோனியா ஃபகராசன் குழு 2012-இல் எலிகளில் இதைக் காட்டியது. உதவிச் செல்லுக்குக் கடிவாளம் போடும் பிடி-1 என்ற மூலக்கூறை நீக்கியதும் உதவிச் செல்கள் பெருகின, தகுதியற்ற பி செல்களும் பிழைத்துக்கொண்டன, பாக்டீரியாவை ஒழுங்காகப் பிடிக்காத எதிர்ப்பொருள் வந்தது, குடலில் வாழும் பாக்டீரியாக் கூட்டத்தின் அமைப்பே மாறிப்போனது. தேர்வைக் கண்டிப்பாக நடத்துவதும் உதவியில் சேர்ந்ததுதான்.

டிஎச்-17 என்ற இன்னொரு வகை டி செல் உண்டு. அழற்சியைத் தூண்டுவதுதான் இதன் தொழில் என்று நெடுநாள் நினைத்தார்கள். எலியின் பேயர் திட்டுக்குள் வந்ததும் இது தன் பழைய வேலையை விட்டுவிட்டு உதவிச் செல்லாக மாறிவிடுகிறது என்று 2013-இல் தெரிய வந்தது. டிஎச்-17 இல்லாத எலிகளுக்குக் காலரா நச்சை வாய்வழியாகக் கொடுத்தபோது, அதற்கான குடல் எதிர்ப்பொருள் உருவாகவில்லை. ஐஎல்சி-3 என்ற செல்கள் டி-யும் அல்ல, பி-யும் அல்ல. எந்தக் கிருமியையும் அடையாளம் காணத் தெரியாத இவை லிம்ஃபோடாக்சின் என்ற சுரப்பின் மூலம் மற்றவர்கள் வேலை செய்யும் இடத்தையே தயார் செய்து தருகின்றன. அழற்சியை அடக்கும் ஒழுங்குபடுத்திச் செல்களும் பக்கத்திலேயே நிற்கின்றன. தினமும் உணவும் பாக்டீரியாவும் வந்துபோகும் இடத்தில் எல்லாவற்றுக்கும் சண்டை பிடிக்கக் கூடாது அல்லவா?

இத்தனை பேரும் சேர்ந்து பி செல்லிடம் கேட்பது ஒரு மாற்றத்தை. பி செல் முதலில் செய்வது ஐஜிஎம் என்ற எதிர்ப்பொருள். டிஜிஎஃப்-பீட்டா என்ற சமிக்ஞை கிடைத்ததும் அது தன் டி.என்.ஏ.வின் ஒரு பகுதியை வெட்டி ஒட்டி ஐஜிஏ வகைக்கு மாறுகிறது. வெட்டும் வேலையைத் தொடங்கி வைக்கும் ஏஐடி என்ற நொதியை தசுகு ஹோஞ்ஜோவின் ஆய்வகம் 1999-இல் கண்டுபிடித்தது. பி செல் இனித் திரும்ப முடியாது. வெட்டிய துண்டு போனது போனதுதான்.

இன்னொரு முத்திரையும் இங்கேயே குத்தப்படுகிறது. குடலின் டென்ட்ரிடிக் செல்கள் வைட்டமின் ஏ-யிலிருந்து ரெட்டினாயிக் அமிலத்தைச் செய்யும். அதை முகர்ந்த பி செல்லின் மேற்பரப்பில் ஆல்ஃபா4 பீட்டா7 என்ற ஒட்டுப் புரதம் முளைக்கிறது. குடலுக்குத் திரும்பி வர அதுதான் முகவரி. டி செல்லுக்கு இது 2004-இலும் பி செல்லுக்கு 2006-இலும் நிறுவப்பட்டது. அதற்கும் முன்பே, 1990-இல், லட்சுமி ரஹ்மத்துல்லா குழுவினர் திருச்சி மாவட்டத்தில் 15,419 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வில், வாரம்தோறும் சிறு அளவு வைட்டமின் ஏ பெற்ற குழந்தைகளிடையே மரணம் பாதிக்கும் கீழாகக் குறைந்தது. அந்தக் காப்புக்குக் காரணம் குடலின் ஐஜிஏதான் என்று யாரும் நிறுவவில்லை. ஆனாலும் முருங்கைக்கீரையில் இருக்கும் ஒரு சத்து ஒரு பி செல்லின் முகவரியை எழுதுகிறது என்பது எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்பாகவே இருக்கிறது.

முத்திரை வாங்கிய பி செல் குடலிலேயே தங்கிவிடுவதில்லை. இந்தப் பயணத்தில் யாரும் எதிர்பாராத திருப்பம் இதுதான். அது நிணநீரோடு குடலுக்குப் பின்னால் உள்ள நிணநீர் முடிச்சுகளுக்குப் போகிறது, அங்கே முதிர்கிறது, மார்பு நிணநீர்க் குழாய் வழியாகக் கழுத்தருகே ரத்தத்தில் கலக்கிறது. உடல் முழுக்கச் சுற்றிவிட்டு, குடலின் ரத்தக் குழாய்ச் சுவரில் தன் முகவரிக்குப் பொருந்தும் புரதத்தைத் தொட்டதும் இறங்கிக்கொள்கிறது. எலியின் மார்பு நிணநீர்க் குழாயிலிருந்து எடுத்த செல்கள் இப்படிக் குடலுக்கே திரும்புவதை ஜேம்ஸ் கோவன்ஸும் ஜூலி நைட்டும் 1964-இல் காட்டினார்கள். வாய்வழித் தடுப்பு மருந்து கொடுத்து ஏறக்குறைய ஒரு வாரத்தில் விரல் நுனியிலிருந்து ஒரு துளி ரத்தம் எடுத்தாலும் அதில் இந்தச் செல்கள் போய்க்கொண்டிருக்கும். குடலைத் திறக்காமலே குடலில் நடப்பதை அறிய ஆய்வாளர்களுக்குக் கிடைத்த சன்னல் அது.

திரும்பி வந்த செல் குடல் சுவருக்கு அடியில் பிளாஸ்மா செல்லாக அமர்கிறது. உடலின் பிளாஸ்மா செல்களில் பெரும்பகுதி இருப்பது இங்கேதான். சில இருபது ஆண்டுகளுக்கும் மேல் உயிரோடு இருக்கும். இது செய்யும் ஐஜிஏ இரண்டிரண்டாக ஒரு சிறு சங்கிலியால் பிணைந்து வெளிவருகிறது. சுவரைக் கடக்க வழி வேண்டுமே. நார்வேயின் பெர் பிராண்ட்ஸேக் 1974-இல் அதற்கு விடை சொன்னார்: சுவர்ச் செல்லின் உட்புறம் ஒரு ஏற்பி இருக்கிறது, அந்த இணையைப் பிடித்துச் செல்லுக்குள் இழுத்து மறுபக்கம் தள்ளுகிறது, போகும்போது தன்னில் ஒரு பகுதியை ஐஜிஏ மேல் சுற்றிவிட்டுச் செல்கிறது. சாப்பாட்டைச் செரிக்கும் நொதிகள் ஐஜிஏயைக் கடித்துவிடாமல் அந்தச் சுற்றுதான் காக்கிறது. வளர்ந்த மனிதரின் குடலில் நாளொன்றுக்கு இப்படி 3 முதல் 5 கிராம் வரை வெளியேறுகிறது. மற்ற எல்லா எதிர்ப்பொருளையும் சேர்த்தாலும் இதன் அளவுக்கு வராது. அடுத்த முறை போலியோ வைரஸ் வரும்போது ஐஜிஏ அதைச் சுற்றி ஒட்டிக்கொள்ளும். வைரஸ் சுவரைத் தொடாமலே மலத்தோடு போய்விடும்.

நடக்க வேண்டியது இது. வேலூரில் இது முறையாக நடக்கவில்லை.

சி.எம்.சி.யில் குழந்தை மருத்துவராகவும் வைரஸ் இயலாளராகவும் இருந்த டி. ஜேக்கப் ஜான், பி. ஜெயபாலுடன் 1972-இல் வெளியிட்ட கட்டுரை அன்றைய நம்பிக்கையை அசைத்தது. அமெரிக்காவில் மூன்று தவணை சொட்டு மருந்தே ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளுக்கும் போதுமானதாக இருந்தது. வேலூரில் அப்படிப் போதவில்லை. மருந்து வெயிலில் கெட்டிருக்கும் என்று சொல்லித் தப்பிப்பது எளிது. வேறு குடல் வைரஸ்கள் குறுக்கிட்டிருக்கும் என்பது இன்னொரு எளிய விளக்கம். அவருடைய தரவு அதற்கு இடம் கொடுக்கவில்லை. தாய்ப்பால் மேல் பழி போட்டவர்களுக்கு 1976-இல் பதில் சொன்னார்: தாய்ப்பால் குடிப்பதால் சொட்டு மருந்தின் பலன் குறையவில்லை. இந்த ஒரு பதிலுக்காகவே இந்நாட்டுத் தாய்மார்கள் அவருக்குக் கடன்பட்டவர்கள். 1991-இல் அவரும் சேர்ந்து தொகுத்த மதிப்பாய்வில், வளரும் நாடுகளில் மூன்று தவணைக்குப் பின் முதல் வகை வைரஸுக்கு 73, இரண்டாம் வகைக்கு 90, மூன்றாம் வகைக்கு 70 சதவீதக் குழந்தைகளிடம்தான் எதிர்ப்பொருள் தென்பட்டது.

குடலே வேறாக இருக்கிறது என்பதற்கான தடயம் இதே வளாகத்தில் முன்பே கிடைத்திருந்தது. வட ஆற்காடு கிராமங்களில் ஸ்ப்ரூ என்னும் வயிற்றுப்போக்கு 1960-களின் தொடக்கத்தில் கொள்ளைநோயாகப் பரவியபோது செல்வின் பேக்கரும் வி. ஐ. மாத்தனும் அதைப் படித்தார்கள். நோயாளிகளோடு ஆரோக்கியமானவர்களின் சிறுகுடலிலிருந்தும் துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். விரல் போல நீண்டிருக்க வேண்டிய குடலுறிஞ்சிகள் இலை போலப் பரந்து குட்டையாக இருந்தன. அவற்றின் அடியில் நோய் எதிர்ப்புச் செல்கள் நெருக்கியடித்து நின்றன. ஊரெல்லாம் அப்படித்தான் இருந்தது, யாரும் நோயாளியாக உணரவில்லை. ஓயாமல் வேலை வாங்கப்படும் குடல் அது.

ஏன் ஓயாமல் வேலை? தோல் ஷாப்புக் கழிவு பாலாற்றைக் கெடுத்தது பெரிய வழக்கு. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த அந்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குரோமியமும் உப்பும் செய்த கேட்டை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இந்தக் கதையில் குடலைத் தட்டிக்கொண்டே இருக்கும் மாசு வேறு. சில நாளுக்கு ஒருமுறை வரும் குழாய்த் தண்ணீர், சாக்கடையை ஒட்டிப் போகும் குழாய், குடத்தில் சேமிக்கும் கட்டாயம், தண்ணீரில் கலக்கும் மலம்.

அதன் விளைவை எண்ணிக்கையில் காட்டியது, குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு தரும் ரோட்டா வைரஸ் பற்றி சி.எம்.சி.யின் ககன்தீப் காங் குழுவினர் செய்த ஆய்வு. 2002 முதல் வேலூரின் கஸ்பா, ராமநாயக்கன்பாளையம், சின்னல்லாபுரம் பகுதிகளில் பிறந்த குழந்தைகளை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். பீடி சுற்றும் பெண்கள் நிறைந்த நெருக்கமான தெருக்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை களப்பணியாளர் வீட்டுக்கு வந்து மல மாதிரி வாங்கிப் போவார். மூன்றாண்டும் நிறைவு செய்த 373 குழந்தைகளில் 56 சதவீதத்தினருக்கு ஆறு மாதத்துக்குள்ளேயே ரோட்டா தொற்றியிருந்தது. மெக்சிகோவில் இரண்டு முறை தொற்றிய குழந்தைக்குக் கடுமையான நோய் மறுபடி வரவே இல்லை. வேலூரில் மூன்று முறை தொற்றிய பிறகும் காப்பு 79 சதவீதம்தான். 2011-இல் வெளியான இந்த முடிவு தடுப்பு மருந்துக்காரர்களுக்கு ஒரு செய்தி சொன்னது: இயற்கைத் தொற்றே முழுக் காப்புத் தராத இடத்தில் வாய்வழி மருந்திடம் அதைவிட அதிகம் எதிர்பார்க்கக் கூடாது. பிறகு டெல்லி, புனே, வேலூரில் சோதித்த ரோட்டாவாக் மருந்து கடுமையான ரோட்டா நோயைப் பாதிக்குச் சற்று மேல் தடுத்தது. அந்தப் பாதியே பெரிய லாபம் என்பதால்தான் அது தேசியத் திட்டத்தில் இருக்கிறது.

குடலின் அழற்சியைத் தணித்துவிட்டால் சொட்டு மருந்து நன்றாக ஏறுமா? நியாயமான கேள்வி. நிக்கோலஸ் கிராஸ்லியும் காங்கும் வேலூர் மாவட்டத்தில் 754 குழந்தைகளுக்கு அதைச் சோதித்தார்கள். பாதிப் பேருக்கு மூன்று நாள் அசித்ரோமைசின், மீதிப் பேருக்கு மருந்துப் பொருள் இல்லாத போலி மருந்து, பிறகு சொட்டு. அசித்ரோமைசின் பாக்டீரியாவைக் குறைத்தது, அழற்சியின் அடையாளங்களையும் குறைத்தது. எதிர்ப்பொருள் வந்தவர்களின் விகிதம்? அசித்ரோமைசின் பெற்றவர்களில் 50, பெறாதவர்களில் 54 சதவீதம். 2016-இல் இதை ஒளிக்காமல் வெளியிட்டார்கள். தோற்ற ஆய்வு என்று இதை ஒதுக்கக் கூடாது. மாத்திரையால் குறுக்குவழி கிடைக்காது என்று கைக்காசும் பிள்ளைகளின் உடலும் வீணாகாமல் இந்த ஊர் உலகத்துக்குச் சொன்னது. துத்தநாகமும் நன்மை செய்யும் பாக்டீரியாவும் கொடுத்துப் பார்த்த ஆய்வில் கிடைத்த பலனும் சிறிதுதான்.

வழி வேறு பக்கத்தில் திறந்தது. சேபினின் சொட்டுக்கு முன்பே வந்தது ஜோனஸ் சால்க்கின் ஊசி. அது கொன்ற வைரஸ். ரத்தத்தில் எதிர்ப்பொருள் தரும், வாதம் வராமல் காக்கும், ஆனால் குடலுக்கு முகவரி எழுதாது. தசையில் ரெட்டினாயிக் அமிலம் செய்யும் அந்த டென்ட்ரிடிக் செல்கள் இல்லை. அதனால் ஊசி மட்டும் போட்டவர் குடலில் வைரஸ் வளர்ந்து வெளியேற முடியும். ஆனால் குடல் ஒருமுறை சொட்டைப் பார்த்திருந்தால்? முகவரி எழுதிய நினைவுச் செல்கள் உடலில் சுற்றிக்கொண்டிருக்கும். ஊசி அவற்றை எழுப்பினால் அவை தாமாகவே குடலுக்குப் போகும். சொட்டால் குடலில் ஏற்பட்ட அறிமுகம் இருந்தால்தான் ஊசியால் ஐஜிஏ உயர்கிறது என்று 1999-இல் நெதர்லாந்து ஆய்வு சொல்லியிருந்தது.

வேலூரில் ஜேக்கப் ஜான் என்ற அதே பெயர் கொண்ட இன்னொரு மருத்துவரும் காங்கும் இதை நேராகச் சோதித்தார்கள். ஏற்கெனவே பல தவணை சொட்டு வாங்கிய, 1 முதல் 4 வயதுள்ள 450 குழந்தைகள். பாதிப் பேருக்கு ஒரே ஒரு ஊசி. நான்கு வாரம் கழித்து எல்லோருக்கும் சொட்டு, ஏழாம் நாள் மலத்தில் வைரஸ் இருக்கிறதா என்று சோதனை. முதல் வகை வைரஸை வெளியேற்றியவர்கள் ஊசி போட்டவர்களில் 12 சதவீதம், போடாதவர்களில் 19. மூன்றாம் வகைக்கு 8, போடாதவர்களுக்கு 26. மலக் குப்பியைப் பனிப்பெட்டியில் வைத்து ஆய்வகத்துக்குக் கொண்டு சேர்த்தவர்களின் உழைப்பில் கிடைத்த இந்த எண்கள் 2014-இல் லான்செட் இதழில் வந்தன. அதே ஆண்டு மொராதாபாத் ஆய்வும் இதையே உறுதி செய்தது. பிள்ளையின் மலத்தைக் கேட்டு வருகிறவரை முகம் சுளிக்காமல் வரவேற்று, குப்பியை நிரப்பிக் கொடுத்த தாய்மார்களின் பெயர் எந்தக் கட்டுரையிலும் இல்லை. அவர்கள் இல்லாமல் இந்த அறிவும் இல்லை.

2015 நவம்பரில் இந்தியா ஊசியைத் தேசியத் திட்டத்தில் சேர்த்தது. 2016 ஏப்ரலில் சொட்டிலிருந்து இரண்டாம் வகை வைரஸை நீக்கியது. அதன் பிறகு பிறந்த குழந்தையின் குடலுக்கு இரண்டாம் வகையின் அறிமுகமே இல்லை. அந்தக் காலி இடம் கவலைக்குரியது. ஊசி மட்டும் போடும் லண்டனின் சாக்கடை நீரில் 2022-இல் இரண்டாம் வகை வைரஸ் திரும்பத் திரும்பக் கிடைத்தது. அதே ஆண்டு நியூயார்க் மாநிலத்தில், தடுப்பூசியே போட்டுக்கொள்ளாத ஒருவருக்கு வாதம் வந்தது.

இங்கே ஊசி மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது, முழு அளவில் ஐந்தில் ஒரு பங்கை, 0.1 மில்லிலிட்டரை, தசைக்குப் பதில் தோலுக்குள் போடும் முறைக்கு மாறினார்கள். மயிரும் சதையும் நீக்கிய பின் டேனரியில் மிஞ்சி, பதப்பட்டு, ஷூவாகிறதே, தோலின் அந்த நடு அடுக்குதான் ஊசி முனை நிற்க வேண்டிய இடம். டென்ட்ரிடிக் செல்கள் அடர்ந்திருப்பதால் சிறிதளவு மருந்தே போதுகிறது. இலங்கையில் 10 முதல் 12 வயதுப் பிள்ளைகளிடம் நடந்த ஆய்வில் இந்தச் சிறு அளவும் குடலின் காப்பை உயர்த்தியது.

இப்போது ஆம்பூரிலோ பேரணாம்பட்டிலோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரும் குழந்தைக்குப் பிறந்தவுடனும், 6, 10, 14 வாரங்களிலும் போலியோ சொட்டு. 6, 14 வாரங்களில் தோலுக்குள் ஊசி. 2023 ஜனவரி முதல் ஒன்பதாம் மாதத்தில் மூன்றாவது ஊசியும் சேர்ந்திருக்கிறது. காய்ச்சல் வருமே, ஏற்கெனவே நிறையப் போட்டாயிற்றே என்று பலர் தள்ளிப்போடுவது அந்தத் தவணையைத்தான். அதற்குள் சொட்டு தன் வேலையைச் செய்து, முதல், மூன்றாம் வகைகளுக்குக் குடலின் முகவரி எழுதிய நினைவுச் செல்களை விட்டுச் சென்றிருக்கும். வேலூரின் 450 குழந்தைகளிடம் ஒரு ஊசி எழுப்பியது அப்படிப்பட்ட செல்களைத்தான்.